கிட்டா விருந்து

வேணாம் சார், மேல வைக்க வேணாம். மடியிலயே இருந்துட்டுப் போகட்டும். பஸ்ஸுல மேல வச்சா எவனாவது வாழைத்தாரத் தூக்கி இது தலையில வச்சிருவான். உங்களுக்கு இடிக்குதா? கொஞ்சம் இப்படித் திருப்பிக்கிறேன். இப்பச் சரியா?

பலகாரம் இல்ல சார். எல்லாரும் அப்படித்தான் கேக்குறாங்க. கீபோர்டு. கம்ப்யூட்டர்ல தட்டுறோம்ல, அந்தக் கீபோர்டு. ஆனா சாதாரணக் கீபோர்டு இல்ல, கேமிங் கீபோர்டு. வெளையாடுறவய்ங்களுக்குன்னே செஞ்சது. பொட்டியப் பாருங்க, டிராகன் வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. நான் எந்த வெளையாட்டும் வெளையாண்டதில்ல. எனக்குச் சீட்டாட்டமே தெரியாது. அப்புறம் எதுக்குடா வாங்குனேன்னு கேப்பீங்க. எம் பொண்டாட்டி பேச்சியும் அதத்தான் கேட்டா. எதுனாலும் கேளுங்க சார், வெலய மட்டும் கேக்காதீங்க.

நமக்கு உசிலம்பட்டியில ஃப்ளெக்ஸ் கடை. மாயன் டிஜிட்டல்ஸ். எம் பேரு தங்கமாயன். கல்யாணம், காதுகுத்து, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிப்போம். பத்திரிகையும் உண்டு. தமிழ் டைப்பிங்ல இந்த வட்டாரத்துல என்னை அடிச்சுக்க ஆளில்ல. பெருமைக்குச் சொல்லல, நான் பெருமை பேசுற ஆளே கெடையாது. வந்தவன் வாயால சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஸ்கிரீன்ல எழுத்து விழுந்திருக்கும். அடிச்சதத் திரும்பப் படிச்சுப் பாக்குற பழக்கமும் இல்ல. அடிச்சவனுக்குத் தெரியாதா என்ன அடிச்சான்னு?

பழைய கீபோர்டு ஒண்ணு இருந்துச்சு. எழுத்து பூராம் அழிஞ்சு மொட்டையாப் போச்சு. அடியில அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்துத்தான் ஓட்டிக்கிட்டிருந்தேன். பாவம், அது ஒருநாளும் தப்பா அடிச்சதில்ல. அப்பத்தான் போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. ஒரு விநாடிய ஆயிரமா அரிஞ்சு, அதுல ஒரு துண்டுக்குள்ள எழுத்து விழுந்துருமாம். அடடா, இத்தன நாளா நம்ம கை வேகத்துக்கு மிஷின் ஈடு குடுக்கல போலயே, அதான் முகூர்த்த மாசத்துல வேல தேங்குதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். வேல தேங்குனதுக்குக் காரணம் நான் டீக்கடையில ஒக்காந்து கெடந்ததுதான்னு பேச்சி சொன்னா. அவ சொல்லுவா.

ஆர்டர் போட்டேன், வந்து எறங்குச்சு. சொருகுனதும் செவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள்னு லைட்டு ஓடுது. பேச்சி பாத்துட்டு, "ஏங்க, இது எழுதுறதுக்கா, கோயில் வாசல்ல கட்டுறதுக்கா?"ன்னா. அடிச்சா சத்தம் வேற. தகரக்கூரையில கல்லு மழை பெய்யிற மாதிரி. ஒருத்தர் கடைக்குள்ள ஒக்காந்தவரு வெளிய போயி வானத்தப் பாத்துட்டு வந்தாரு. ஓரத்துல ஒரு திருகு இருக்கு, இதுவரைக்கும் அது எதுக்குன்னு தெரியல. ஒரு பொத்தான அமுக்குனா லைட்டு பூராம் செவப்பாகி மெரட்டும், திரும்பப் பழைய கலருக்கு வர அதுக்கா மனசு வரணும். இருந்தாலும் கடைவீதி பூராம் சொல்லிட்டேன். ஸ்டேட்டஸ்ல வீடியோ போட்டேன். பக்கத்து மெடிக்கல்காரரக் கூட்டியாந்து, "அண்ணே, ஒரு எழுத்து அடிச்சுப் பாருங்க"ன்னு சொன்னேன்னா பாத்துக்கங்களேன்.

வெனை எங்க இருந்துச்சு தெரியுமா சார்? ட-வுல. ஆமா, ட எழுத்துலதான்.

ஒரு தடவ தட்டுனா சில நேரம் ரெண்டா விழுகும். எப்பவும் இல்ல. எப்பவும் விழுந்தா நாம சுதாரிச்சுருவோம்ல? அதுக்கு இஷ்டம் வந்தா விழுகும். நம்ம தமிழ் அடிக்கிற முறையில ஒரு வசதி இருக்கு சார். ஒரே எழுத்த அடுத்தடுத்து ரெண்டு தடவ தட்டுனா நடுவுல புள்ளிய அதுவே வச்சிக்கும். ட, ட-ன்னு தட்டுனா ட்ட வந்துரும். நல்ல வசதிதான். ஆனா இந்தச் சனியன்கிட்ட மாட்டுனா பாருங்க, வெறும் ட ரெண்டு விழுந்தா பாக்குறவன் ஏதோ கைதவறிருச்சுன்னு விட்ருவான். இது அழகாப் புள்ளியும் வச்சு, அர்த்தமுள்ள வார்த்தையாவே மாத்திக் குடுத்துரும்.

மொபைல் கடை ஒண்ணு தொறந்தாய்ங்க. வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ். "கட்டை திறப்பு விழா." ஓடைத்தெரு இளைஞர்கள் திருவிழாவுக்கு பேனர் அடிக்கக் குடுத்தாய்ங்க. "ஓட்டைத்தெரு இளைஞர்கள்" ஆயிட்டாய்ங்க. அந்த இளைஞர்கள் மொத்தமா கடைக்கு வந்து நின்னாய்ங்க சார். இனாமா வேற அடிச்சுக் குடுத்து டீயும் வாங்கிக் குடுத்தேன்.

மதுரைக்குத் தூக்கிட்டுப் போனேன் சர்வீஸ் கடைக்கு. அங்க ஒரு தம்பி காதுல கம்மல் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. சொருகி, ஒரு கேமப் போட்டு, துப்பாக்கிய வச்சு நாலு பேரச் சுட்டுட்டு, "சூப்பரா இருக்கு சார்"னுச்சு. தம்பி, எனக்கு ட தகராறுப்பான்னேன். ட இருக்குறது இங்கிலீஷ் ஓ எழுத்து மேல. "சார், கேம்ல அந்தக் கீக்கு வேலையே இல்ல. ஓடுறதுக்கு உண்டான நாலு கீயும் பக்காவா இருக்கு"ன்னுச்சு. நான் எங்க சார் ஓடப் போறேன்? ஓட்டைத்தெரு பயக வந்தன்னிக்கு வேணா ஓடியிருக்கலாம்.

பேச்சி ஒரே வார்த்தையாச் சொன்னா, பழசத் தூக்கி மாட்டுங்கன்னு. கேட்டிருக்கலாம். மெடிக்கல்காரர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? ட வர்ற எடத்துல மட்டும் மோதிர விரல மெதுவா, பச்சப்புள்ள கன்னத்தத் தொடுற மாதிரி தொட்டுப் பழகிக்கிட்டேன். சரியாப் போச்சுன்னுதான் நெனச்சேன்.

இப்பத்தான் சார் விசயத்துக்கு வர்றேன். எந்த ஊரு வந்துருக்கு? செக்கானூரணி இன்னும் வரலல்ல? நான் அதுக்கு முன்னாடி, கருமாத்தூர் தாண்டி எங்க தங்கச்சி ஊர் விலக்குல எறங்கிருவேன்.

தங்கச்சி பேரு தவமணி. கூடப் பொறந்தது அது ஒண்ணுதான். அது வீட்டுக்காரரு ஜெயக்கொடி. நல்ல மனுசன், கோவம் மட்டும் கொஞ்சம் சாஸ்தி. எங் கல்யாணத்து மறுநா கறி விருந்து வச்சோம். ஜெயக்கொடி வீட்டு மாப்ள, அவர மொதப் பந்தியில ஒக்கார வச்சிருக்கணும். மனுசன் நமக்காக ஓடியாடிப் பரிமாறிட்டு, கடைசிப் பந்தியில ஒக்காந்தாரு. எலயில சோறு விழுந்துச்சு, குழம்பு விழுந்துச்சு, கறி விழல. தீந்து போச்சு. நான் மாலையும் கழுத்துமா போட்டோவுக்கு நின்னுக்கிட்டிருக்கேன், எனக்கென்ன தெரியும்? எலய மூடிட்டு எந்திரிச்சவருதான். தவமணியக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் போயி ஒரு வார்த்த கேட்டிருக்கணும். ஒரு துண்டு கறிக்கு இம்புட்டுக் கோவமான்னு எனக்கும் வீம்பு. அப்படியே வருசம் ஓடிப்போச்சு சார்.

அவங்களுக்கு ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொம்பளப் புள்ள பொறந்துச்சு. பேரு யாஷிகா. ஆமா சார், வீட்டுக்குள்ள எங்க குலசாமி பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க, பள்ளிக்கூடத்துல யாஷிகாதான். ஆஸ்பத்திரியில ஒரு தடவ தூக்குனேன், அதுவும் அவரு டீ குடிக்கப் போன நேரத்துல. அதுக்கப்புறம் அந்தப் புள்ள எனக்குப் போட்டோவுலதான் வளந்துச்சு.

இந்த வருசம் அதுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில ஒக்கார வச்சுத்தான குத்தணும்? தவமணி அழுது மல்லுக்கட்டி அவரச் சம்மதிக்க வச்சிருச்சு. போன் பண்ணி, "அண்ணே, ஒம் மடிதாண்ணே. அவரும் சரின்னுட்டாரு"ன்னுச்சு. நான் கடையப் பூட்டிட்டு உள்ளயே ஒக்காந்து அழுதேன் சார். வெக்கமென்ன இதுல.

பத்திரிகை, ஃப்ளெக்ஸ் எல்லாம் எம் பொறுப்புன்னேன். ஃப்ளெக்ஸ்ல பாப்பா படத்த வச்சேன். பக்கத்துல தாய்மாமன்னு என் படம். எனக்குப் பின்னாடி ரெண்டு சிங்கம். முடிச்சு மாட்டுனதுக்கு அப்புறம்தான் பேச்சி சொன்னா, "காது குத்துறது உங்களுக்கா, புள்ளைக்கா?"ன்னு. பாப்பா படம் ஒரு ஓரத்துல ஸ்டாம்பு மாதிரி இருந்துச்சு. போகட்டும், அது வேற கத.

பத்திரிகைய ரொம்பக் கவனமாத்தான் அடிச்சேன். ஜெயக்கொடிங்கிற பேருல டி வருதா? திரும்பித் திரும்பிப் பாத்தேன். கொட்டின்னு விழுந்துச்சுன்னா மனுசன் என்னைக் கொட்டிப்புடுவாரு. பேரு சுத்தமா வந்துருச்சு. அந்தச் சந்தோசத்துல மிச்சத்தப் பாக்கல. அச்சாகி, கட்டுக் கட்டாப் போயி, அவரும் ஊர் பூராம் வெத்தல பாக்கு வச்சுக் குடுத்து முடிச்சிட்டாரு.

தவமணி போன் பண்ணுச்சு. "அண்ணே, பத்திரிகைய எடு. கடைசி வரியப் படி"ன்னுச்சு. எடுத்தேன். "அன்று மதியம் கிடா விருந்து நடைபெறும்"னு இருக்கணும்.

"கிட்டா விருந்து நடைபெறும்"னு இருக்கு.

கிட்டான்னா என்ன சார்? கெடைக்காதுன்னு அர்த்தம். சோறு கெடைக்காது, எல்லாரும் குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டிருக்கேன். வாட்ஸ்அப்ல எவனோ படம் புடிச்சுப் போட்டு ஊர் பூராம் சிரிக்கிறாய்ங்க. அது பரவாயில்ல. ஆனா ஜெயக்கொடி சிரிக்கல. "அன்னிக்கு எனக்கு எலயில கறி கிட்டல. அத இன்னிக்கு அச்சடிச்சு ஊருக்கே குடுத்துட்டாரு ஒங்கண்ணன். எம் பேருல கொடி சரியா வருது, கிடா மட்டும் எப்படி கிட்டாவாகும்? ஒன் சித்தப்பன் மகன் மடியில ஒக்கார வச்சுக் குத்திக்கிறோம், அந்தாளு வர வேணாம்"னுட்டாராம். யோசிச்சுப் பாத்தா அவரு கேட்டது நியாயம்தான். நானா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பேன்.

எனக்குச் சோறு எறங்கல. வேணும்னே செய்யலன்னு எப்படி நிரூபிக்கிறது? கீபோர்டத் தூக்கிக்கிட்டேன். பேச்சியும் கூட வந்தா. நேரா அவங்க வீடு. பந்தக்கால் ஊன்ற வேல நடக்குது, சொந்தக்காரங்க பூராம் நிக்கிறாங்க. நான் பாட்டுக்கு வாசல் முத்தத்துல சம்மணம் போட்டு ஒக்காந்து, காலேஜ் படிக்கிற புள்ள ஒண்ணுகிட்ட லேப்டாப் வாங்கி, இதச் சொருகுனேன். "மாப்ள, ஒங்க கண்ணு முன்னால அடிக்கிறேன். தானா ரெண்டா விழுகும், பாருங்க"ன்னேன்.

அடிச்சேன். கிடா.

திரும்ப அடிச்சேன். கிடா. வேகமா அடிச்சேன், மெதுவா அடிச்சேன், மோதிர விரலால அடிச்சேன், கட்ட விரலால குத்துனேன். கிடா, கிடா, கிடா. ஸ்கிரீன் பூராம் கெடா நிக்குது சார். கெட்டுப்போற வேலயக்கூட ஒழுங்காச் செய்யாத கீபோர்டு உலகத்துலயே இது ஒண்ணுதான். ஒருத்தரு எட்டிப் பாத்து, "தம்பி நல்லாத்தான அடிக்குது"ங்கிறாரு. ஜெயக்கொடி கையக் கட்டிக்கிட்டு, "ஒரு கெடாகூடத் தப்பலயே மச்சான்"னாரு. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு.

அப்ப லைட்டப் பாத்துட்டு உள்ளருந்து அந்தப் புள்ள ஓடியாந்துச்சு. யாஷிகா. யாரு எவருன்னு கேக்கல. எம் மடியில ஏறி ஒக்காந்துக்கிட்டு, "மாமா, இது யாருக்கு?"ன்னு தட்ட ஆரம்பிச்சிருச்சு. தவமணி சேலையால வாயப் பொத்திக்கிட்டு அழுகுது. மாமான்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தான்னு நான் கேக்கல.

ஜெயக்கொடி கட்டுன கைய அவுத்தாரு. அப்புறம் பக்கத்துல குத்தவச்சு ஒக்காந்து, "இது என்ன வெல மச்சான்?"னாரு. சம்பந்தமே இல்லாம. நான் திரும்பிப் பாத்தேன். பேச்சி பின்னாடியே நிக்கிறா. அவகிட்ட நான் சொன்ன வெல வேற. "காதக் குடுங்க மாப்ள"ன்னு அவர் காதுல மெதுவாச் சொன்னேன்.

மனுசன் என்னையப் பாத்தாரு. கீபோர்டப் பாத்தாரு. மறுபடி என்னையப் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க. பந்தக்கால் ஊன்றவய்ங்க கம்ப விட்டுட்டு ஓடியாந்துட்டாய்ங்க. "யாத்தே, தவமணி, இங்க வா. நான் ஒங்கண்ணன வெவரமான ஆளுன்னுல்ல நெனச்சுக் கோவப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன். இம்புட்டுக் குடுத்து இத வாங்குனவரு எங்கிட்டு என்னை நக்கல் பண்ணப் போறாரு? நம்ம புள்ளைக்குக் காது குத்தணும்னு நாள் பாத்தா, இவருக்கு மொதல்லயே எவனோ நல்லாக் குத்திவிட்டுட்டான்!"னாரு.

வெலயக் கத்திச் சொன்னாரு சார். நான் காதுல சொன்னத ஊருக்கே கேக்குற மாதிரி. பேச்சி, "வீட்டுக்கு வாங்க"ன்னு மட்டும் சொன்னா. அந்தப் பஞ்சாயத்து இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு.

ஆனா பாருங்க, ஊருக்கு முன்னால முட்டாப்பயன்னு ஆனதுல எனக்கு அம்புட்டுச் சந்தோசம். எம் மேல இருந்த பழி போயிருச்சுல்ல. வாழ்க்கையில மொதத் தடவயா நான் ஏமாந்தவன்கிறது எனக்கு உதவுச்சு.

காதுகுத்து நல்லபடியா நடந்துச்சு. எம் மடியிலதான். ஆசாரி ஊசிய எடுத்ததும் புள்ள வீல்னுச்சு. நான் கீபோர்ட மடியில வச்சு, "லைட்டப் பாரு, லைட்டப் பாரு"ன்னேன். செவப்பாகி நின்னுக்கிச்சு சனியன். அதப் பாத்து இன்னும் பயந்து கத்துச்சு. இருந்தாலும் குத்தியாச்சு.

விருந்துக்கு வந்துச்சு பாருங்க கூட்டம். கிட்டுதா கிட்டாதான்னு பாத்துட்டுப் போலாம்னே அக்கம்பக்கத்து ஊருலருந்தெல்லாம் வண்டி கட்டிக்கிட்டு வந்துட்டாய்ங்க. மாப்ளயும் நானும் ஓடியாடிப் பரிமாறுனோம். வந்தவய்ங்க ஒவ்வொருத்தனும் எலயில கறி விழவும் என்னையப் பாத்து, "கிட்டிருச்சு மாயா, கிட்டிருச்சு"ங்கிறான். கடைசியா நானும் மாப்ளயும் ஒரே பந்தியில, பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்தோம். சோறு விழுந்துச்சு. சட்டிய வழிச்சுப் பாத்துட்டுப் பரிமாறுனவன் தலையச் சொறிஞ்சான். ரசம்தான் இருக்குன்னான்.

அதே கடைசிப் பந்தி. அதே எல. மாப்ள மொகத்தப் பாக்கத் தைரியம் இல்ல. அவரு எலயில ரசம் ஓடுறதையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"மச்சான்"னாரு. "சொல்லுங்க மாப்ள"ன்னேன்.

"ஒங்க கீபோர்டு தப்பா அடிக்கல."

சிரிப்பு எங்க ஆரம்பிச்சுச்சு எங்க முடிஞ்சுச்சுன்னு தெரியல. பொறை ஏறி, அவரு எந்தலையில தட்டுறாரு, நான் அவர் முதுகுல தட்டுறேன். கண்ணுல தண்ணியா வருது. ரசத்துல மொளகு சாஸ்தின்னு சொல்லிக்கிட்டேன். அப்பத்தான் சொன்னேன் சார், இத்தன வருசமா தொண்டையில கெடந்தத. "அன்னிக்கும் நான் வேணும்னு செய்யல மாப்ள. வந்து கேட்டிருக்கணும், கேக்கல. தப்புதான்"னேன். அவரு வாயத் தொடச்சுக்கிட்டு, "அன்னிக்கு எந்தக் கீபோர்டு மச்சான்?"னாரு.

இந்தா, விலக்கு வந்துருச்சு. நான் எறங்கணும். இதுவா? யாஷிகாவுக்குத்தான் கொண்டுபோறேன். டெய்லி போன் பண்ணுது, லைட்டுப் பொட்டி எப்ப வரும்னு. அதுக்கு இப்பத்தான் எழுத்துக் கூட்டப் பழக்குறாங்க. ட-வ மட்டும் பாத்துத் தட்டுன்னு சொல்லிக் குடுக்கணும். கடைக்கா? பழசத்தான் மாட்டியிருக்கேன், அட்டைய மடிச்சு முட்டுக் குடுத்து. புதுசு ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன், இத விட ஒசத்தியாம், பேச்சிகிட்ட இன்னும் சொல்லல.

கண்டக்டர், நிறுத்துங்க, எறங்கணும்! கொஞ்சம் காலை எடுத்துக்கங்க சார்.

என்ன, மனசு கேக்கலயா? அம்புட்டும் கேட்டாச்சு, வெலயத் தெரிஞ்சுக்காம விட மாட்டீங்க போல. சரி, பழகிட்டோம். காதக் குடுங்க.

...

சிரிங்க சார், நல்லாச் சிரிங்க. எங்க மாப்ளயும் இப்படித்தான் சிரிச்சாரு.